பூஜ்யம் காட்டிய எண்ணி: எக்ஸ்ப்ளோரர் 1, 3 கதிர்வீச்சுப் பதிவுகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1958ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் மே வரையிலான மூன்று மாதங்களில், ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் அடித்தளத்தில் இயங்கிய சிறு ஆய்வுக் குழு, எக்ஸ்ப்ளோரர் 1, 3 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்களில் வைத்த தன் எண்ணி (துகள்களை எண்ணும் கருவி) எதையுமே எண்ணாமல் நின்றுவிட்ட இடங்களை எப்படிப் படித்தது என்பதே இந்த ஆய்வின் பொருள். பூமியைச் சூழ்ந்துள்ள கதிர்வீச்சுப் பட்டைகள் கண்டறியப்பட்ட கதையாக இது பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. கண்டுபிடிப்பின் பெருமையைச் சொல்லும் அவசரத்தில், அதற்கு முந்தைய எட்டு வாரக் குழப்பம் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும். அந்தக் குழப்பத்தையே இங்கு விரிவாக எடுத்துக்கொள்கிறேன். குழுவினரை அவரவர் பணியைக் கொண்டே குறிப்பிட்டிருக்கிறேன்.

பின்னணி

1957 ஜூலை 1 முதல் 1958 டிசம்பர் 31 வரையிலான காலம் சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டாக அறிவிக்கப்பட்டிருந்தது. அந்தக் காலத்துக்குள் செயற்கைக்கோள் ஒன்றை ஏவப்போவதாக அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் முன்பே அறிவித்திருந்தன. அமெரிக்காவில் இந்தப் பணி கடற்படையின் வான்கார்ட் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அயோவா பல்கலைக்கழக இயற்பியல் துறையைச் சேர்ந்த குழு, விண்வெளியிலிருந்து பூமியை நோக்கி வரும் அண்டக் கதிர்களை அளப்பதற்கான கருவியை அந்தத் திட்டத்துக்காக வடிவமைத்துக்கொண்டிருந்தது. குழுத் தலைவர் பல ஆண்டுகளாகப் பலூன்களிலிருந்து ஏவப்படும் சிறு ராக்கெட்டுகளைக் கொண்டு உயர் வளிமண்டலத்தை ஆராய்ந்தவர். 1953இல் அத்தகைய ராக்கெட்டுகள் வட துருவ ஒளி தோன்றும் பகுதிகளில் எதிர்பாராத ஒரு வகை மென்கதிர்வீச்சைப் பதிவுசெய்திருந்தன. இந்தப் பழைய அனுபவம் பின்னால் பெரிதும் உதவியது.

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் 83.6 கிலோகிராம் எடையுள்ள ஸ்புட்னிக் 1ஐச் சுற்றுப்பாதையில் நிறுத்தியபோது, குழுத் தலைவர் தென் பசிபிக் நோக்கிச் சென்றுகொண்டிருந்த கடற்படைக் கப்பல் ஒன்றில் ராக்கெட் சோதனைகளில் ஈடுபட்டிருந்தார். நவம்பர் 3 அன்று ஸ்புட்னிக் 2 சென்றது. டிசம்பர் 6 அன்று வான்கார்ட் ராக்கெட் ஏவுதளத்திலேயே சரிந்து வெடித்தது. இதற்கிடையில், நவம்பர் தொடக்கத்திலேயே தரைப்படையின் ஜூப்பிட்டர்-சி ராக்கெட்டுக்கும் அரசு அனுமதி அளித்துவிட்டது. வான்கார்ட் தாமதமானால் தரைப்படையின் ராக்கெட்டிலும் பொருந்த வேண்டும் என்ற எண்ணத்துடன் தன் கருவியின் அளவுகளைக் குழுத் தலைவர் முன்னதாகவே அமைத்திருந்ததால், அயோவாக் குழுவின் எண்ணிக்கு உடனடியாக இடம் கிடைத்தது. கருவியைக் கட்டிய பட்டதாரி மாணவர் அதை எடுத்துக்கொண்டு கலிஃபோர்னியாவின் பாசடேனாவிலுள்ள ஜெட் உந்துவிசை ஆய்வகத்துக்குக் குடிபெயர்ந்தார்.

கருவி

எண்ணியின் இதயம் ஒரு கைகர்–முல்லர் குழாய். வாயு நிரப்பிய குழாயின் நடுவே உயர் மின்னழுத்தத்தில் ஒரு கம்பி இருக்கும். மின்னேற்றம் கொண்ட துகள் ஒன்று குழாயைக் கடந்தால் வாயு அயனியாகி ஒரு மின்துடிப்பு உண்டாகும். அந்தத் துடிப்புகளை டிரான்சிஸ்டர்களால் ஆன சுற்று எண்ணி, குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒருமுறை அலைபரப்பிக்கு ஓர் அடையாளம் அனுப்பும். எக்ஸ்ப்ளோரர் 1இல் 32 துடிப்புகளுக்கு ஓர் அடையாளம் என்று அமைந்திருந்தது. அண்டக் கதிர்கள் மட்டுமே இருந்தால் நொடிக்குச் சுமார் 30 துடிப்புகள் என்பதே எதிர்பார்ப்பு. அந்த அளவுக்கு இந்தச் சுற்று தாராளமானது.

இந்தக் குழாய்க்கு ஓர் இயல்பு உண்டு. ஒரு துடிப்புக்குப் பின் வாயு பழைய நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு நொடி வேண்டும், அதற்குள் வரும் துகளை அது முழுமையாக உணராது. துகள்கள் இடைவிடாமல் வந்து மோதினால் துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மெலிந்துவிடும், எண்ணும் சுற்று அவற்றைத் துடிப்பாகவே ஏற்றுக்கொள்ளாது. ஆகவே மிகக் கடுமையான கதிர்வீச்சில் இந்தக் கருவி பேரெண் எதையும் காட்டாமல் பூஜ்யத்தையே காட்டும். ஆய்வகங்களில் கைகர் குழாயோடு பழகியவர்கள் அனைவரும் அறிந்த செய்தி இது. அறிந்திருந்தும் அது உடனே நினைவுக்கு வரவில்லை என்பதுதான் இந்த நிகழ்வின் சுவையான பகுதி.

மூல வடிவத்தில் கருவியோடு ஒரு நாடாப் பதிவுக் கருவியும் இருந்தது. ஒரு சுற்று முழுவதும் எண்ணிக்கைகளைச் சேமித்து, தரைநிலையத்திலிருந்து ஆணை வந்தவுடன் சில நொடிகளில் அனைத்தையும் ஒலிபரப்பிவிடும். கால நெருக்கடி காரணமாக முதல் செயற்கைக்கோளில் இதை விட்டுவிடுவது என்றும், அடுத்தடுத்த ஏவல்களில் சேர்த்துக்கொள்வது என்றும் தீர்மானிக்கப்பட்டது. அந்தச் சூழலில் இதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்த முடிவுக்கான விலையே பிப்ரவரியின் குழப்பம்.

முதல் பதிவுகள்

1958 ஜனவரி 31 இரவு 10:48 மணிக்கு கேப் கனவெரலிலிருந்து எக்ஸ்ப்ளோரர் 1 ஏவப்பட்டது. முதல் சுற்றை முடித்து அது கலிஃபோர்னியாவின் மேல் வர வேண்டிய நேரம் கடந்து சுமார் 8 நிமிடங்கள் வரை சமிக்ஞை கேட்கவில்லை. ராக்கெட் கணக்கிட்டதைவிடச் சற்று அதிக வேகம் கொடுத்துவிட்டதால் பாதை நீண்டிருந்ததே காரணம். கிட்டத்தட்ட 14 கிலோகிராம் எடையுள்ள அந்தக் கோள், 358 கிலோமீட்டரில் தொடங்கி 2,550 கிலோமீட்டர் வரை உயரும் நீள்வட்டத்தில், ஒரு சுற்றுக்கு 114.8 நிமிடங்கள் எடுத்துக்கொண்டு வலம்வந்தது. உயரம் கூடியது தற்செயல்தான் என்றாலும், பின்னர் நடந்தவற்றைப் பார்க்கையில் இதைவிட நல்ல தற்செயல் அமைந்திருக்க முடியாது.

பதிவுக் கருவி இல்லாததால், ஏதேனும் ஒரு தரைநிலையத்தின் மேலே செல்லும் சில நிமிடங்களில் மட்டுமே தகவல் கிடைத்தது. அமெரிக்கக் கண்டங்களிலும், நைஜீரியாவின் இபாதான், சிங்கப்பூர் போன்ற இடங்களிலும் இருந்த நிலையங்கள் ஒலிநாடாக்களில் பதிந்து அனுப்பியவை வாரக்கணக்கில் தாமதமாக அயோவா வந்து சேர்ந்தன. இதற்கு மேல் இன்னொரு சிக்கல்: நீளவாக்கு அச்சில் சுழலுமாறு விடப்பட்ட கோள், வளையக்கூடிய கம்பி அலைவாங்கிகள் ஆற்றலை உறிஞ்சியதால் விரைவிலேயே குறுக்குவாட்டில் கரணமடித்துச் சுழலத் தொடங்கிவிட்டது. இதனால் சமிக்ஞை ஏறியும் இறங்கியும் வந்தது. நாடாக்களைக் கேட்டுப் படித்தவர்களின் கைவசம் இருந்தது தொடர்ச்சியான ஒரு பயணக் கணக்கு அல்ல, அங்கொன்றும் இங்கொன்றுமான துண்டுகள் மட்டுமே.

அந்தத் துண்டுகள் இரண்டு விதமாக இருந்தன. கோள் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் பறந்தபோது எடுக்கப்பட்டவற்றில் நொடிக்குச் சுமார் 30 என்ற எதிர்பார்த்த எண்ணிக்கை இருந்தது. தென் அமெரிக்காவுக்கு மேலே, மிக உயரத்தில் பறந்தபோது எடுக்கப்பட்ட பலவற்றில் எண்ணிக்கையே இல்லை. அலைபரப்பி ஒழுங்காக வேலைசெய்தது, எண்ணியிலிருந்து வரவேண்டிய அடையாளம் மட்டும் நிமிடக்கணக்கில் மாறாமல் நின்றது.

முடிவெடுக்காமல் இருந்த முடிவு

குழுவின் முன் மூன்று விளக்கங்கள் இருந்தன. முதலாவது, கருவி பழுதாகியிருக்கலாம். இது இயல்பாகவே முதலில் தோன்றும் விளக்கம், ஏனெனில் ஏவல் அதிர்ச்சியைத் தாங்கிய புதுக் கருவி ஒன்று அவ்வப்போது செயலிழப்பதில் வியப்பில்லை. ஆனால் பழுதான எண்ணி, கோள் கீழே இறங்கியதும் தானாகவே நலம்பெற்று, மிகச் சரியான எண்ணிக்கையைக் காட்டியது ஏன் என்பதற்கு அது விடை தரவில்லை. கோளிலிருந்து வந்த வெப்பநிலை அளவுகளிலும் அசாதாரணம் எதுவும் தென்படவில்லை. இரண்டாவது, அந்த உயரத்தில் அண்டக் கதிர்கள் உண்மையிலேயே இல்லை என்பது. அறிந்த இயற்பியல் முழுவதோடும் இது முரண்பட்டது. மூன்றாவது, கருவி தாங்க முடியாத அளவு கதிர்வீச்சில் மூழ்கியிருக்கிறது என்பது. அப்போது இது தீவிரமாக எண்ணிப் பார்க்கப்பட்டதாகத் தெரியவில்லை.

பிப்ரவரி முழுவதும் குழு எந்த அறிவிப்பும் செய்யவில்லை. நாடெங்கும் அந்தச் செயற்கைக்கோளைக் கொண்டாடிக்கொண்டிருந்த நாட்களில் இதற்குத் துணிவு வேண்டும். சரியாகத் தெரிந்த குறைந்த உயரப் பதிவுகளை மட்டும் எடுத்து, மற்றவற்றைப் ‘பழுதான தகவல்’ என்று ஒதுக்கி, அண்டக் கதிர் அளவீட்டு அறிக்கை ஒன்றை வெளியிட்டிருந்தால் யாரும் குறைகூறியிருக்க மாட்டார்கள். அவர்கள் அப்படி ஒதுக்காமல், ஒவ்வொரு துண்டுக்கும் நேரம், இடம், உயரம் ஆகியவற்றைக் குறித்து அடுக்கிவைத்தார்கள். பூஜ்யங்கள் சிதறிக் கிடக்கவில்லை, உயரத்தைப் பொறுத்தே வந்தன என்பது அந்த அடுக்கிலிருந்துதான் புலப்பட்டது.

நாடாப் பதிவுக் கருவி தாங்கிய எக்ஸ்ப்ளோரர் 2 மார்ச் 5 அன்று ஏவப்பட்டது. ராக்கெட்டின் நான்காம் அடுக்கு தீப்பற்றாததால் அது சுற்றுப்பாதையை அடையவில்லை.

ஒரு முழுச் சுற்றின் கணக்கு

மார்ச் 26 அன்று எக்ஸ்ப்ளோரர் 3 வெற்றிகரமாக ஏவப்பட்டது. 186 கிலோமீட்டருக்கும் 2,799 கிலோமீட்டருக்கும் இடையே நீண்ட பாதை அதற்கு அமைந்தது. பட்டதாரி மாணவர் உருவாக்கிய பதிவுக் கருவி, கால் கிலோ எடைகூட இல்லாத சிறு பொருள், இந்தக் கோளில் இருந்தது. இதில் 128 துடிப்புகளுக்கு ஓர் அடையாளம். நாடா நொடிக்கு ஒரு சிறு படி நகரும். ஆகவே ஒவ்வொரு நொடியிலும் அடையாளம் விழுந்தால் நொடிக்கு 128 என்பதே பதிவின் உச்சவரம்பு.

மார்ச் 28 அன்று சான் டியாகோ நிலையம் ஆணை அனுப்பி, முழுச் சுற்று ஒன்றின் பதிவைப் பெற்றது. ஏப்ரல் தொடக்கத்தில் வாஷிங்டன் சென்றிருந்த குழுத் தலைவர், அங்கு வந்து சேர்ந்திருந்த அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு, கடையில் வரைபடத் தாளும் அளவுகோலும் வாங்கி, விடுதி அறையில் அமர்ந்து இரவு நெடுநேரம் ஸ்லைடு ரூலின் துணையோடு புள்ளி புள்ளியாக வரைந்தார். தொடக்கத்தில் எண்ணிக்கை எதிர்பார்த்தபடியே இருந்தது. கோள் உயர உயர எண்ணிக்கை விரைவாக ஏறி, 128 என்ற உச்சவரம்பைத் தொட்டு அங்கேயே நின்றது. அதன் பின் சடாரென்று பூஜ்யம். பல நிமிடங்கள் பூஜ்யமாகவே கழிந்து, மீண்டும் 128க்குத் தாவி, கோள் இறங்கும்போது பழையபடி இயல்பான எண்ணிக்கைக்கு வந்தது.

துண்டுப் பதிவுகளில் தெரியாத ஒன்று இந்த வரைகோட்டில் தெரிந்தது. பூஜ்யத்துக்கு முன்னும் பின்னும் எண்ணிக்கை இறங்கவில்லை, ஏறியது. பழுதான கருவி உச்சத்தைத் தொட்டுவிட்டுத்தான் மெளனமாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அண்டக் கதிர்கள் இல்லாத வெளிக்குள் நுழையும் கருவி முதலில் மிகையாக எண்ணவும் வேண்டியதில்லை. மூன்றில் இரண்டு விளக்கங்கள் அந்த ஒரே தாளில் அடிபட்டுப் போயின.

மேசைமேல் சோதனை

குழுத் தலைவர் அயோவா திரும்பிய சமயத்தில், குழுவின் இரு இயற்பியலாளர்கள் ஆய்வகத்தில் ஒரு சோதனையை நடத்தியிருந்தார்கள். விண்ணுக்குச் சென்ற எண்ணிக்கு இணையாகக் கட்டி வைத்திருந்த உதிரி எண்ணியை ஒரு சிறு எக்ஸ் கதிர்க் கருவியின் முன் வைத்து, கதிர்வீச்சைப் படிப்படியாகக் கூட்டினார்கள். எண்ணிக்கை ஏறியது, உச்சத்தில் நின்றது, இன்னும் கூட்டியபோது பூஜ்யமானது. விடுதி அறையின் வரைகோட்டில் இருந்த அதே வரிசை.

அந்த இருவரில் ஒருவர், சில வாரங்களுக்கு முன்புதான் கனடாவின் ஃபோர்ட் சர்ச்சிலிலிருந்து துருவ ஒளிக்குள் ராக்கெட்டுகளைச் செலுத்தி, கடும் துகள் பொழிவில் எண்ணிகள் எப்படி நடந்துகொள்ளும் என்பதை நேரில் பார்த்துவந்தவர். விடை ஒரு கணநேர மின்னல்போல் தோன்றியதாகச் சொல்லும் கதைகளை நான் நம்புவதில்லை. 1953ஆம் ஆண்டின் மென்கதிர்வீச்சு, சர்ச்சில் அனுபவம், பரணில் போடாமல் பாதுகாத்த உதிரிக் கருவி ஆகிய மூன்றும் ஒரே ஆய்வகத்தில் இருந்ததால்தான் மூன்றாம் விளக்கத்தைச் சோதிக்க ஒருவருக்குத் தோன்றியது. மற்றொருவர் விண்வெளியே கதிரியக்கம் கொண்டது என்று சொன்னது பின்னாளில் பலரும் மேற்கோள் காட்டும் வரியானது. உண்மையில் விண்வெளி கதிரியக்கம் கொண்டதல்ல, ஆனால் அந்த மகிழ்ச்சியில் அத்தகைய துல்லியத்தை எதிர்பார்ப்பது முறையாகாது.

சோதனையின் அளவுகளைக் கொண்டு கணக்கிட்டபோது, அந்த உயரத்தில் கதிர்வீச்சு எதிர்பார்த்ததைவிடக் குறைந்தது ஆயிரம் மடங்கு இருக்க வேண்டும் என்று தெரிந்தது. இத்தனை துகள்கள் வெளியிலிருந்து நேராக வந்துகொண்டிருந்தால் கீழ் உயரங்களிலும் அவை தெரிந்திருக்கும். அப்படித் தெரியாததால், அவை பூமியின் காந்தப்புலத்தில் சிக்கி, காந்தக்கோடுகளை ஒட்டிச் சுருளாகச் சுழன்று வடக்கும் தெற்குமாக அலைந்துகொண்டிருக்க வேண்டும் என்று குழு முடிவுசெய்தது. 1958 மே 1 அன்று வாஷிங்டனில் உள்ள தேசிய அறிவியல் கழகத்தில் இது அறிவிக்கப்பட்டது. அந்தப் பட்டைகள் குழுத் தலைவரின் பெயரால் வான் ஆலன் பட்டைகள் என்று வழங்கலாயின. அந்தக் கட்டத்தில் குழு துகள்களைப் பெரும்பாலும் எலக்ட்ரான்கள் என்றே கருதியது. உட்பட்டையில் (பின்னர் இரண்டெனத் தெரிந்த பட்டைகளில் பூமிக்கு அருகிலுள்ளது) மிகு ஆற்றல் கொண்ட புரோட்டான்கள் உள்ளன என்பது அடுத்த ஆண்டில்தான் தெளிவாயிற்று. பட்டை உண்டு என்ற முடிவு சரி, அதில் சிக்கியிருப்பது எது என்ற ஊகம் பாதி சரி.

மறுபுறத்தில் நடந்தது

இதே பொருளைச் சோவியத் விஞ்ஞானிகள் முன்பே எட்டியிருக்கக்கூடும். ஸ்புட்னிக் 2இல் இரண்டு கைகர் எண்ணிகள் இருந்தன, அதன் பாதை 1,660 கிலோமீட்டர் வரை உயர்ந்தது. ஆனால் பாதையின் உயர்ந்த பகுதி தென் அரைக்கோளத்தின் மேலேயும், தாழ்ந்த பகுதி சோவியத் நிலப்பரப்பின் மேலேயும் அமைந்திருந்தது. அவர்களுடைய நிலையங்கள் பட்டைக்குக் கீழே கிடைத்த தகவலை மட்டுமே பதிந்தன. ஆஸ்திரேலியாவில் அந்தக் கோளின் சமிக்ஞை உயரமான பகுதியிலேயே பதிவுசெய்யப்பட்டது. அதைப் படிப்பதற்கான குறியீடு அங்கிருந்தவர்களுக்குத் தரப்படவில்லை.

1958 மே 15 அன்று ஏவப்பட்ட ஸ்புட்னிக் 3, 1,327 கிலோகிராம் எடையுடன் பன்னிரண்டு அறிவியல் கருவிகளைச் சுமந்த, பறக்கும் ஆய்வுக்கூடம். அதில் நாடாப் பதிவுக் கருவியும் இருந்தது. ஏவுவதற்கு முந்தைய சோதனையில் அந்தப் பதிவுக் கருவி சரியாக இயங்கவில்லை. சோதனைக் கூடத்தின் மின்குறுக்கீடே காரணம் என்று அதற்குப் பொறுப்பான பொறியாளர் கருதினார், தலைமை வடிவமைப்பாளரும் அதை ஏற்றுக்கொண்டு ஏவலைத் தொடர்ந்தார். சுற்றுப்பாதையில் பதிவுக் கருவி இயங்கவில்லை. முழுச் சுற்றின் வரைபடம் கிடைக்கவில்லை. எக்ஸ்ப்ளோரர் 3இன் மொத்த எடையைப்போல் தொண்ணூறு மடங்குக்கும் மேல் எடை கொண்ட கோளில், கால் கிலோ எடைகூட இல்லாத ஒரு பொருள் செய்த வேலையைச் செய்ய ஒன்றும் இல்லாமல் போயிற்று. அங்கிருந்த அண்டக் கதிர் ஆய்வாளர்கள் அறிவில் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். கிடைத்த துண்டுகளிலிருந்தே உயர் அட்சரேகைகளில் புறப்பட்டையின் அறிகுறிகளை அவர்கள் கண்டார்கள்.

இரு தரப்பின் முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரிகிறது. அயோவாவும் பதிவுக் கருவியை ஒருமுறை விட்டுக்கொடுத்தது. ஆனால் அது இல்லை என்பதை அறிந்தே விட்டுக்கொடுத்தது, அடுத்த ஏவலுக்கு அதை முதன்மையாக வைத்தது. மற்ற இடத்தில், இயங்காத கருவி இயங்குவதாகக் கருதப்பட்டது.

மாற்றப்பட்டவை

எக்ஸ்ப்ளோரர் 4இன் வடிவமைப்பில் குழு தன் பாடத்தை நேரடியாகப் பயன்படுத்தியது. ஒரே குழாயை நம்பாமல் நான்கு உணரிகள் வைக்கப்பட்டன: இரண்டு கைகர் குழாய்கள், இரண்டு மினுக்க எண்ணிகள் (துகள் படும்போது உண்டாகும் ஒளிச்சிமிட்டலைக் கொண்டு அளப்பவை). ஒரு குழாய்க்கு ஈயக் கவசம் இடப்பட்டது. முந்தையவற்றைவிடச் சிறிய குழாய்களும், பல மடங்கு அதிகமான எண்ணிக்கைக்கு ஒருமுறை அடையாளம் தரும் சுற்றுகளும் சேர்க்கப்பட்டன. ஓர் உணரி மூழ்கிப்போனாலும் மற்றொன்று எண்ணிக்கொண்டிருக்கும் என்பதே எண்ணம். மே மாத அறிவிப்புக்கு மூன்று மாதங்கள்கூட ஆகாத நிலையில், ஜூலை 26 அன்று அது ஏவப்பட்டது. இவ்வளவு அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் தெற்கு அட்லாண்டிக்கின் மேலே, ஆர்கஸ் என்ற ரகசியத் திட்டத்தின் கீழ், மூன்று அணுகுண்டுகள் உயரத்தில் வெடிக்கப்பட்டன. காந்தப்புலத்தில் செயற்கையாக எலக்ட்ரான்களைச் சிக்கவைக்க முடியுமா என்பதை அளக்கும் பொறுப்பும் இந்தக் கோளுக்குத் தரப்பட்டிருந்தது. திறந்த அறிவியல் ஆண்டு என்று அறிவிக்கப்பட்ட காலத்தில் ஒரு பல்கலைக்கழகக் குழு இந்த ரகசியத்தை ஏற்றுக்கொண்டது, என் பார்வையில், இந்த நிகழ்வில் மீண்டும் கேள்விக்குட்படுத்த வேண்டிய ஒரே முடிவு.

டிசம்பர் 6 அன்று நிலவை நோக்கி ஏவப்பட்ட பயோனியர் 3இலும் உணர்திறனில் வேறுபட்ட இரண்டு குழாய்கள் வைக்கப்பட்டன. ராக்கெட்டின் வேகம் போதாமல் அது சுமார் 1,02,000 கிலோமீட்டர் வரை சென்று மறுநாள் பூமியிலேயே விழுந்தது. நிலவைப் பொறுத்தவரை அது தோல்வி. மேலேறும்போது ஒருமுறையும் இறங்கும்போது ஒருமுறையும் அது கதிர்வீச்சுப் பகுதியைக் கடந்தது. எண்ணிக்கை ஒருமுறை உயர்ந்து தாழ்ந்து, மீண்டும் உயர்ந்து தாழ்ந்தது. இம்முறை வரைகோட்டில் பூஜ்யத்தால் மறைந்துபோன இடம் எதுவும் இல்லாததால், பட்டை ஒன்றல்ல, இரண்டு என்பது முதல் முறையாக எண்களிலேயே தெரிந்தது.